பூந்திக்கொட்டையா, காஸ்டிக் சோப்பா: போர் தண்ணீரில் வெள்ளை வேட்டி வெளுக்குமா?

ஈரோட்டுக்காரி:
ஆறு மாதமாகக் கடைச் சோப்புத்தூள் வாங்குவதே இல்லை. பத்துப் பன்னிரண்டு பூந்திக்கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிட்டு, தோலை மட்டும் இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன். பட்டுப்புடவைக்கும் குழந்தை துணிக்கும் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி பழுப்படித்துவிட்டது. மாமியார் பழையபடி தூளுக்கே போகச் சொல்கிறார், எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி இருக்கிறதா?

நெல்லை அண்ணாச்சி:
தங்கச்சி, அந்தச் சாறே பழுப்பு நிறம்தானே, வெள்ளைக்கு எப்படி ஆகும்? நுரை வரும், ஆனால் அழுக்கை எடுக்கும் வலு குறைவு. வேட்டிக்குச் சோப்பு காய்ச்சிவிடுங்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 180 கிராம் காஸ்டிக் சோடா, 350 கிராம் தண்ணீர், எல்லாமே தராசில் எடை போட்டு. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், அரித்துவிடும். நான்கு வாரம் காயவிட்டுத் துருவிப் போடுங்கள். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் இதுதான்.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
அண்ணாச்சி, நீங்கள் சொன்ன அளவு சரி. ஆனால் அவர் வீட்டுத் தண்ணீரைக் கேட்காமலே சொல்லிவிட்டீர்கள். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும், போட்ட சோப்பில் பாதி அதற்கே போய்விடும். சோப்புத் தண்ணீர் நின்ற வாளியின் உள்பக்கம் ஒரு வெள்ளை வளையம் இருக்கும், நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி உருளும். அதேதான் வேட்டி நூலுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதோடு, சின்னக் குழந்தை ஓடியாடும் வீட்டில் காஸ்டிக்கா? ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மாடித்தோட்டம்:
பூந்திக்கொட்டையை விடாதீர்கள் அக்கா. அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், ஒரு கெடுதலும் இல்லை. கெமிக்கல் எதற்கு?

கெமிஸ்ட்ரி டீச்சர்:
ஒரு கெடுதலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது தம்பி. அதில் இருக்கும் சபோனின் மீனுக்கு விஷம், குளத்தில் கலந்து மீன் பிடித்த வழக்கமே உண்டு. மண்ணில் ஊற்றுங்கள், மீன் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நெல்லை அண்ணாச்சி:
எங்களுக்குத் தாமிரபரணித் தண்ணீர், அதனால் எனக்கு இந்தப் பிசுக்கு தெரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர் தண்ணீருக்கும் வழி இருக்கிறது டீச்சர். வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முதலில் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, அப்புறம் சோப்பைப் போட்டால் கால்சியம் அடியில் படிந்துவிடும். உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தார்களே, அந்த மண்ணிலும் சோடாதான். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் ஆகாது. காஸ்டிக்கைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்தால் என்ன?

ஈரோட்டுக்காரி:
என் பிள்ளைக்கு இரண்டு வயதுதான் அண்ணாச்சி, காஸ்டிக் வேண்டாம். சோடாவைப் போட்டுப் பார்க்கிறேன். துண்டெல்லாம் அப்பளம் மாதிரி விறைக்கிறதே, அதற்கு வினிகர் ஊற்றலாமா?

கெமிஸ்ட்ரி டீச்சர்:
ஊற்றலாம். கடைசி அலசலில் கால் கப் வெள்ளை வினிகர். துணியில் மீந்த சோடாவை முறித்துவிடும், காய்ந்ததும் வாடையும் இருக்காது. கடை சாஃப்ட்னர் நூலின் மேல் படலமாகப் படியும், அப்புறம் துண்டு சரியாக ஈரம் உறிஞ்சாது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பிளீச்சிங் போட்ட தண்ணீரில் வினிகர் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அந்த வேட்டியைச் சோடா கலந்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவைத்துவிட்டு நிறத்தைச் சொல்லுங்கள்.

நெல்லை அண்ணாச்சி:
சோப்பு நான் காய்ச்சியதே இருக்கிறது தங்கச்சி. நாலு கட்டி பார்சல் போடுகிறேன், அதே வெந்நீரில் அதையும் போட்டுப் பாருங்கள்.