பெண்கள் கோல்ஃபில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று எதை வைத்துச் சொல்வது?

பச்சைப்புல் எழுதியது:

என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் விளையாட்டுப் பலகைக்கு மாதம் ஒரு சார்ட் ஒட்டுவார்கள், இந்த மாதம் அவள் முறை. "மாமா, பெண்கள் கோல்ஃபில் எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஐந்து பேர் சொல்லுங்கள்" என்றாள். எனக்கு இது பிடித்த விஷயம், உடனே சொல்லிவிட்டேன்: அனிகா சோரன்ஸ்டாம், மிக்கி ரைட், கேத்தி விட்வொர்த், இன்பி பார்க், லிடியா கோ. எழுதி முடித்துவிட்டு, "ஒவ்வொருத்தரையும் எதை வைத்து எடுத்தீர்கள்?" என்று கேட்டாள். அங்கேதான் நின்றுவிட்டேன்.

விட்வொர்த்தை எடுத்தது 88 வெற்றிகளுக்காக. எல்.பி.ஜி.ஏ. (அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைப் போட்டித் தொடர்), பி.ஜி.ஏ. (ஆண்களுடையது) இரண்டு டூரிலும் ஆண், பெண் யாருமே அந்த எண்ணைத் தொட்டதில்லை. டைகர் உட்ஸும் சாம் ஸ்னீடும் 82ல் நிற்கிறார்கள், மிக்கி ரைட்டும் அதே 82. சரி, வெற்றிக் கணக்குதான் அளவுகோல் என்றால் 21 வெற்றி பெற்ற இன்பி எப்படி உள்ளே வந்தார், 48 வெற்றி பெற்ற நான்சி லோபஸ் எப்படி வெளியே போனார்? இன்பியை எடுத்தது 7 மேஜர்களுக்காக, அதாவது வருடத்தின் மிகப் பெரிய போட்டிகளுக்காக. மேஜர்தான் அளவுகோல் என்றால் 15 மேஜர் ஜெயித்த பேட்டி பெர்க் என் பட்டியலிலேயே இல்லை. லிடியா கோவை எடுத்ததற்குக் காரணம் ஒலிம்பிக்கில் மூன்று முறை ஆடி வெள்ளி, வெண்கலம், தங்கம் மூன்றும் வாங்கியவர் என்பது. ஆனால் 1904க்குப் பிறகு 2016ல்தான் கோல்ஃப் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது, ரைட்டும் விட்வொர்த்தும் அந்தப் பதக்கத்துக்கு எங்கே போவார்கள்?

ஆக, ஐந்து பேருக்கு ஐந்து அளவுகோல். எனக்குப் பிடித்தவர்களை முதலில் எடுத்துக்கொண்டு காரணத்தைப் பிறகு தேடியிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? வெள்ளிக்கிழமை சார்ட் ஒட்ட வேண்டும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல கேள்வி. மேஜர் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளவே கூடாது, முதலில் அந்த ஆட்டக்காரரின் காலத்தில் வருடத்துக்கு எத்தனை மேஜர் இருந்தது என்று பார்க்க வேண்டும். இப்போது ஐந்து. ஐந்தாவதான எவியான் 2013ல்தான் மேஜரானது, பிரிட்டிஷ் ஓப்பன் 2001ல். விட்வொர்த் உச்சத்தில் இருந்த 1968 முதல் 1978 வரை, 1972 ஒன்றைத் தவிர, வருடத்துக்கு இரண்டே மேஜர்தான். எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், யு.எஸ். ஓப்பன், அவ்வளவுதான். "விட்வொர்த் 6, இன்பி 7" என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது மானாவாரிக் காட்டையும் முப்போக வயலையும் மூட்டைக் கணக்கில் ஒப்பிடுகிற மாதிரி. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது, விட்வொர்த் யு.எஸ். ஓப்பனை ஒரு முறை கூட ஜெயிக்கவில்லை. லோபஸும் இல்லை, நான்கு முறை இரண்டாம் இடம்.

பெர்க்கின் 15ஐப் பிரித்துப் பாருங்கள். டைட்டில்ஹோல்டர்ஸ் 7, வெஸ்டர்ன் ஓப்பன் 7, யு.எஸ். ஓப்பன் 1. அந்த முதல் இரண்டு போட்டிகளும் இன்று மேஜர் வரிசையிலேயே இல்லை. டைட்டில்ஹோல்டர்ஸில் மூன்றை 1937, 38, 39ல் அமெச்சூராக இருந்தபோது ஜெயித்தார், எல்.பி.ஜி.ஏ. பிறந்ததே 1950ல்தான். அதனால் அவர் சிறியவர் ஆகிவிட மாட்டார். அந்த 13 நிறுவனர்களில் ஒருவர், முதல் தலைவரும் அவர்தான், ஆட ஒரு டூர் இருப்பதற்கே அவர்கள் காரணம். ஆனால் அந்த 15ஐயும் அனிகாவின் 10ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது.

என் வழி இதுதான்: அந்தந்த வருடத்தில் கூட ஆடியவர்களை விட எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார்? சராசரி ஸ்கோர் (18 ஹோலுக்கு எத்தனை அடி, குறைந்தால் நல்லது), அதாவது அதில் முதலில் வருபவருக்குத் தரும் வேர் டிராபி, இதற்கு நல்ல துணை. ஆனால் அதிலும் வெறும் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2002ல் அனிகாவின் சராசரி 68.697. 2025ல் தாய்லாந்தின் ஜீனோ தித்திகுல் 68.681 அடித்து அதை முறியடித்தார், அந்த வருடக் கடைசி வரை அவரிடம் ஒரு மேஜர் கூட இல்லை. பந்து, மட்டை, புல்தரை எல்லாம் மாறியிருக்கிறது. அதனால் பக்கத்தில் இருந்தவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் எனக்கு முதலிடம் மிக்கி ரைட். 1963ல் ஒரே சீசனில் 13 வெற்றி. 1960 முதல் 64 வரை வேர் டிராபியை வேறு யாருக்கும் விடவில்லை. 1961, 62ல் நான்கு மேஜர் பட்டங்களையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார், இன்று வரை வேறு எந்தப் பெண்ணும் அதைச் செய்யவில்லை. 34 வயதில் முழுநேர ஆட்டத்தை விட்டுவிட்டார், 82 வெற்றியில் பெரும்பகுதி அதற்குள் வந்ததுதான்.

சம்பாத்தியக் கணக்கைத் தொடவே வேண்டாம். விட்வொர்த் வாழ்நாள் முழுக்க ஆடி 1981ல் பத்து லட்சம் டாலரைத் தொட்டார், பெண்களில் அவர்தான் முதல். தித்திகுல் 2024 சீசன் கடைசிப் போட்டியில் ஒரே வாரத்தில் 40 லட்சம் டாலர் வாங்கினார்.


தென்காற்று எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கூட ஆடியவர்களை விட எவ்வளவு முன்னால் என்று கேட்டால், கூட ஆடியவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும் அல்லவா? 1963ல் டூர் என்பது ஏறக்குறைய முழுக்க அமெரிக்கப் பெண்கள். திறமைசாலிகள்தான், ஆனால் வந்த கிணறு சின்னது.

1998ல் பிளாக்வுல்ஃப் ரன்னில் யு.எஸ். ஓப்பன் பிளேஆஃப் (சமநிலையை முறிக்கும் ஆட்டம்), கடைசி ஹோலில் கொரியாவின் சே ரி பாக்கின் பந்து குளத்தின் கரைச்சரிவில் புல்லுக்குள் போய் நின்றது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி அடித்தார். வெயிலில் கால் கறுத்து, சாக்ஸ் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும், அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. பிறகு சடன் டெத்தில் (ஒரு ஹோலில் முந்தினாலே வெற்றி) இரண்டு ஹோல் ஆடி ஜெயித்தார். அதைக் கொரியாவில் டி.வி.யில் பார்த்த சிறுமிகளில் ஒருத்தி இன்பி பார்க், அப்போது பத்து வயது கூட ஆகவில்லை. அந்த ஒரு தலைமுறை வந்த பிறகு ஒரு வாரத்தில் ஜெயிக்கக்கூடியவர்கள் ஐந்தாறு பேர் என்ற நிலை போய் நாற்பது, ஐம்பது பேர் ஆனது. அந்தக் கூட்டத்தில் 2013ல் வருடத்தின் முதல் மூன்று மேஜரையும் இன்பி தொடர்ச்சியாக ஜெயித்தார். என் கணக்கில் அது 1963ன் 13 வெற்றிகளுக்குக் குறைந்ததே இல்லை.

நான் இருப்பது டண்டீயில், செயின்ட் ஆண்ட்ரூஸ் பக்கம்தான். 2024 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ஓப்பன் கடைசி நாள் போயிருந்தேன். மழையும் காற்றும் மாறி மாறி வந்தன, குடை பிடித்தால் குடை மடிந்துவிடும், எல்லோரும் நனைந்துகொண்டே 17வது ஹோல் கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) பக்கம் நின்றோம். அந்த ஹோலில் கிரீனுக்கு முன்னால் ஒரு ஆழமான பங்கர் (மணற்குழி), பின்னால் தார்ச்சாலை, அதற்கும் பின்னால் கல்சுவர். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் போச்சு. லிடியா கோ இரண்டாவது அடிக்கு 3 வுட் எடுத்தார். அவ்வளவு நீளமான மட்டையால் அந்தச் சின்ன கிரீனைப் பிடிப்பது நடக்கிற காரியமா என்று என் பக்கத்தில் இருந்த உள்ளூர்ப் பெரியவர் தலையை ஆட்டினார். பந்து தாழ்வாகப் போய் உருண்டு கிரீனில் ஏறி நின்றது. இரண்டு பட் (குழியை நோக்கி உருட்டும் அடி), பார், அதாவது அந்த ஹோலுக்கு விதித்த அடிகள். 18ல் பர்டி, பாரை விட ஒரு அடி குறைவு. இரண்டு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் ஜெயித்தார். பின்னால் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்த நால்வர் நெல்லி கோர்டா, லிலியா வூ, ருவோனிங் யின், ஜியாய் ஷின். நால்வருமே மேஜர் ஜெயித்தவர்கள். பாரிஸில் தங்கம் வாங்கி இரண்டே வாரம் ஆகியிருந்தது. சார்ட்டில் "3 மேஜர்" என்று போட்டால் இதில் எது தெரியும்?


நிலாமுற்றம் எழுதியது:

எல்லோரும் எல்.பி.ஜி.ஏ. கணக்கை மட்டுமே வைத்துப் பேசுகிறீர்கள், அதுவே பாதிப் பிழை. எல்.பி.ஜி.ஏ. ஹால் ஆஃப் ஃபேமுக்கு 27 புள்ளி வேண்டும். ஒரு வெற்றிக்கு 1, மேஜருக்கு 2, வேர் டிராபிக்கு 1, வருடத்தின் சிறந்த வீராங்கனைக்கு 1, இப்போது ஒலிம்பிக் தங்கத்துக்கும் 1. பாரிஸ் தங்கம்தான் லிடியாவின் 27வது புள்ளி. இங்கிலாந்தின் லாரா டேவிஸ் 25ல் நின்றுவிட்டார். உலகம் முழுக்க 80க்கும் மேல் ஜெயித்தவர், ஐரோப்பிய டூரில் மட்டும் 45. ஆனால் அந்த டூருக்கு மட்டுமே உரிய போட்டிகளுக்கு அந்தக் கணக்கில் புள்ளியே கிடையாது. ஜியாய் ஷினைப் பாருங்கள், 2010ல் உலக முதலிடம், ஆசியாவிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் பெண். 2012 பிரிட்டிஷ் ஓப்பனை 9 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். பிறகு தானாகவே ஜப்பான் டூருக்குப் போய்விட்டார், அங்கே வெற்றி மேல் வெற்றி. தென்காற்று பார்த்த அந்த மழையில் இரண்டாம் இடத்தில் நின்றபோது அவருக்கு வயது 36. அமெரிக்காவை விட்டுப் போனதற்காக ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது எந்த ஊர் நியாயம்?

லொரேனா ஒச்சோவாவுக்கும் இதேதான் நடந்தது. தொடர்ந்து 158 வாரம் உலக முதலிடம், அந்த இடத்தில் இருக்கும்போதே 28 வயதில் ஆட்டத்தை விட்டார். புள்ளிகள் போதுமான அளவு இருந்தன, ஆனால் பத்து வருடம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் வெளியே நிறுத்தினார்கள். 2022ல் அந்த விதியை எடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். வாரக் கணக்கைப் பார்க்கும்போதும் ஒன்று நினைவில் வேண்டும், உலகத் தரவரிசையே 2006ல்தான் தொடங்கியது. அனிகாவின் உச்சம் அதற்கு முந்தியது, அந்த வருடங்கள் எந்த வாரக் கணக்கிலும் வராது.

இன்னும் ஒரு பெயர், இதுவரை யாரும் சொல்லவில்லை. ஜூலி இங்க்ஸ்டர். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு டூரில் ஊர் ஊராகப் போனவர். 1999ல் யு.எஸ். ஓப்பனையும் எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பையும் ஒரே மாதத்தில் ஜெயித்தார், நாற்பதை நெருங்கும் வயது. 2002 யு.எஸ். ஓப்பன், இடம் கேன்சஸின் பிரெய்ரி டியூன்ஸ். அனிகா அந்த வருடம் டூரில் 11 போட்டி ஜெயித்தார், மேலே சொன்ன 68.697 சராசரியும் அதே வருடத்தியதுதான். அந்த அனிகா கடைசி நாள் முன்னிலையில் இறங்கினார். 42 வயது இங்க்ஸ்டர் 66 அடித்து இரண்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தக் கடைசிச் சுற்றை நான் முழுக்கப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு பட் உள்ளே போகும்போதும் கையை முறுக்கிக்கொண்டு அவர் கத்துவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கண் கலங்கும். எனக்கும் இரண்டு பிள்ளைகள். வேலைக்குத் திரும்பியபோது "இனி முன்னே மாதிரி முடியுமா" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். உங்கள் அக்கா மகளிடம் இங்க்ஸ்டரைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள் தம்பி.


சிறுகூடு எழுதியது:

மேலே இருப்பவர்களோடு சேர்க்கச் சொல்லவில்லை, ஆனால் சார்ட்டின் ஓரத்தில் அதிதி அசோக்குக்கு ஒரு வரி இருக்கட்டும். 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ. உலகத் தரவரிசையில் 200வது இடத்தில் இருந்த பெண், அம்மா கேடியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடக்க, ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலத்தை விட்டார். முன்னால் இருந்த மூவரில் தங்கம் நெல்லி கோர்டா, வெண்கலம் லிடியா கோ. நம் வீட்டில் அன்று காலை கோல்ஃப் என்றால் என்ன என்று தெரியாத பாட்டி கூட டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த அந்த மூவரை விட அதிதி அடிக்கிற தூரம் குறைவு, பட்டிங்கை வைத்தே அந்த நான்கு நாளும் ஈடுகொடுத்தார். பெரிய ஆட்டக்காரர்கள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே அன்றுதான்.


பச்சைப்புல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நிலாமுற்றம் அக்காவுக்குக் கூடுதலாக. முழுவதையும் அவளிடம் வாசித்துக் காட்டினேன். இங்க்ஸ்டர் பகுதியை இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

1, 2, 3 என்று எண் போடும் யோசனையை விட்டுவிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே மூன்று வரி: எந்த வருடங்கள், அப்போது எத்தனை மேஜர் இருந்தது, யாரைத் தாண்டி ஜெயித்தார். ரைட், விட்வொர்த், அனிகா, இன்பி நான்கு பேரும் உறுதி. அனிகாவுக்கு எதை எழுதுவது என்று கொஞ்சம் விவாதம். 2003ல் கொலோனியல் போட்டியில் ஆண்களோடு ஆடியதை எழுதலாம் என்றேன். 71, 74 அடித்து, கடைசி இரண்டு நாள் ஆடத் தகுதி பெறாமல் போனார், ஆனாலும் முதல் நாள் அத்தனை கேமரா முன்னால் அடித்த அந்த 71 எனக்குப் பெரிது. அவள் 2001ல் ஃபீனிக்ஸில் அடித்த 59ஐத்தான் எழுதுவேன் என்றாள். முதல் எட்டு ஹோலிலும் வரிசையாகப் பர்டி, மொத்தம் 13 பர்டி, ஒரு போகி (பாரை விட ஒரு அடி கூடுதல்) கூட இல்லை. 18 கட்டம் வரைந்து பர்டி வந்த கட்டங்களுக்கு மட்டும் சிவப்பு அடிக்கிறாள். பார்க்க அழகாக இருக்கிறது, விட்டுவிட்டேன்.

ஐந்தாவது இடம்தான் இழுக்கிறது. நான் லிடியா என்கிறேன், அவள் இங்க்ஸ்டர் என்கிறாள். கணக்குப்பிள்ளை சார், தென்காற்று, நாளை இரவுக்குள் ஏதாவது சொல்லுங்கள். அதிதிக்கு வலது ஓரத்தில் இடம் விட்டாகிவிட்டது.