புறாத்தீவு போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

ஹட்டனிலிருந்து ஆகஸ்ட் விடுமுறைக்கு இரவே வேன் பிடித்துத் திருகோணமலைப் பக்கம் நிலாவெளி போய், விடிந்ததும் படகில் புறாத்தீவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், 2003இல் தேசியப் பூங்காவானது, அந்த மாதத்தில் கடல் அமைதி என்பதெல்லாம் தெரியும். சிக்கல் அம்மாயிதான். கொழுந்துக்கூடையோடு செங்குத்து மலையெல்லாம் ஏறியவர், ஆனால் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தோணியில் ஏற்றியபோது என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு கண்ணையே திறக்கவில்லை! நிலாவெளியில் படகேற முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டுமா? தீவில் உட்கார நிழல் இருக்கிறதா? அப்புறம், நீச்சல் தெரியாத எங்களைப் போன்றவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு பவளப்பாறை பார்க்கலாமா, இல்லை கரையொதுங்கிய பவளத் துண்டுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா? பூங்கா டிக்கெட் வேறு, படகுக் காசு வேறு என்றார்கள். படகுக்காரரிடம் பேரம் பேசலாமா?