மரண உதவிச் சங்கத்துக்குக் கூடும் ஊர், குடிநீர்க் கிணற்றுக்கும் கூடுமா?

படுவான்கரை:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள சிறிய வேளாண்மைக் கிராமம் எங்களுடையது. ஒரு வீட்டில் இழவு விழுந்தால், மரண உதவிச் சங்கம் பந்தல், கதிரை, பெட்டிச் செலவு அனைத்தையும் அன்றைக்கே பொறுப்பேற்கிறது. சந்தா தவறும் வீடுகள் மிகக் குறைவு. ஆயினும் ஆடி, ஆவணியில் கிணறுகள் வற்றி, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியின் நாளை எதிர்பார்த்துப் பெண்கள் குடங்களோடு வீதியில் நிற்கும்போது, அதே ஊரை ஒன்றுசேர்க்க எங்களால் முடியவில்லை. பொதுக் கிணற்றை ஆழப்படுத்தித் தண்ணீர்த் தாங்கியும் அமைக்க விரும்புகிறோம். வெளிநாட்டு உறவினரிடம் முதலில் கேட்பதா, ஊரில் தொடங்குவதா?

திருக்கோவில் வாசகர்:
ஊரில்தான் தொடங்க வேண்டும், தம்பி. வெளியிலிருந்து முழுப்பணமும் வந்தால், கிணறு எவருடையதோ ஆகிவிடும். பம்பி பழுதானால் திருத்துவதற்கு ஆள் வராது. மரணச் சங்கத்துக்கு மக்கள் தயங்காமல் கொடுப்பது, கொடுத்த காசு எங்கே போகிறதென்பதைக் கண்ணால் காண்பதாலும் நாளை தம் வீட்டுக்கும் அது வரும் என்று அறிந்திருப்பதாலுமே. ஆகவே கிணற்றின் வரவுசெலவையும் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டு வாசியுங்கள்.

காலமும் முக்கியம். ஆவணியில் காசு கேட்டால் எவரிடமும் இராது. பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் நெல்லாகத் தண்டுங்கள். கோயில் திருவிழாவுக்கு நெல் கொடுத்துப் பழகிய கைகள் அவை. வயலில்லாத கூலித் தொழிலாளர் இரண்டு நாள் மண் அள்ளினால், அந்த உழைப்பையும் அன்றைய கூலிக் கணக்கில் அவர் பெயரில் பதியுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன், ஏனெனில் பணப் பட்டியலில் பெயரில்லாதவர் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை.

ஏறாவூர் வாசகர்:
உங்கள் பக்கத்தில் வயல் செய்யும் முஸ்லிம் விவசாயிகளையும் கேளுங்கள், சகோதரரே. அவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஸகாத் எனும் கட்டாய தர்மம் குறிப்பிட்ட எட்டு வகையினருக்கு உரியது என்பதால் அதைக் கேட்க வேண்டாம். ஆனால் கிணறு வெட்டுவது ஸதகதுல் ஜாரியா, அதாவது கொடுத்தவர் இறந்த பின்பும் நன்மை தொடரும் தர்மம். அதற்கு மனமுவந்து கொடுப்பார்கள். 2011 தை மாத வெள்ளத்தில் எங்கள் பள்ளிவாசல் வளவில் சமைத்த சோற்றுப் பொதிகளை உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்றபோது, வாங்குபவர் எந்த ஊரவர் என்று எவரும் கேட்கவில்லை.

மாதர் சங்க உறுப்பினர்:
மரணச் சங்கப் பணத்தோடு இதனைக் கலக்காதீர்கள். தனியான வங்கிக் கணக்கும், தண்ணீர் சுமப்பவர்கள் பெண்கள் என்பதால் கையொப்பமிடுபவர்களில் ஒரு பெண்ணும் வேண்டும். பராமரிப்புச் செலவுக்கு நாங்கள் பிடியரிசி சேர்க்கிறோம். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைப்பது எந்த வீட்டுக்கும் பாரமாவதில்லை.

படுவான்கரை:
மிக்க நன்றி. அடுத்த கூட்டத்தில் இவற்றை முன்வைப்பேன். தண்டிய நெல்லை உடனே விற்பதா, வைத்திருப்பதா?

திருக்கோவில் வாசகர்:
அறுவடை நேரத்தில் விலை விழுந்துவிடும். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாதவாறு நன்றாகக் காயவைத்து, மூடை எண்ணிக்கையை இருவர் முன்னிலையில் எழுதி, சில வாரங்கள் வைத்திருந்து விற்றுவிடுங்கள்.