புதுப்பிப்பு: சாம்பல் டெக்ஸ்சருக்கு நிறம் வந்துவிட்டது

ஃபோட்டோஷாப்பில் சாம்பல் நிறக் காகித டெக்ஸ்சரில் (காகிதப் பரப்பின் படம்) ஹியூ/சாச்சுரேஷன் பெட்டியின் ஹியூ ஸ்லைடரை (நிறத்தை மாற்றும் பட்டை) எவ்வளவு இழுத்தாலும் நிறம் மாறவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? காரணம் பிடிபட்டுவிட்டது. சாம்பலில் சாச்சுரேஷன் (நிறச் செறிவு) 0, மாற்றுவதற்கு அங்கே நிறமே இல்லை. அதே பெட்டியிலுள்ள 'கலரைஸ்' டிக் செய்ததும் நீலம், பச்சை எல்லாம் வந்தன. ஆனால் சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி ஒரே தட்டை.

அதனால் இப்போது கிரேடியன்ட் மேப்தான்: படத்தின் இருண்ட பகுதிக்கு ஒரு நிறம், வெளிச்சப் பகுதிக்கு வேறு நிறம் தரும் வசதி. நிழலுக்கு அடர் நீலம், வெளிச்சத்துக்கு வெளிர் மஞ்சள் கொடுத்தேன். காகித நார்கள் தனித்தனியாகத் தெரிகின்றன! அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (படத்தின் மேல் தனியாக வைக்கும் மாற்ற அடுக்கு) என்பதால் அசல் படம் அப்படியே இருக்கிறது. அடுத்த நிறத்துக்கு லேயரை நகலெடுத்து, பழையதை மறைத்து, முனை நிறங்களை மாற்றினால் போதும்.

சிவப்பு மட்டும் இன்னும் கண்ணை உறுத்துகிறது. மேலே எழுத்து வைத்தால் படிக்க முடியவில்லை. லேயரின் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) குறைத்துப் பார்க்கிறேன்.