வெஃபாவில் போசா விற்பவரை எங்கே காணலாம்?

இஸ்தான்புல்லின் வெஃபா பகுதியை அதன் பழைய பானங்கள் வழியாகச் சுற்றிப் பார்த்து வருகிறேன். 1876 முதல் இயங்கும் போசாக் கடையில், சிறுதானியத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் அந்தக் கெட்டியான பானத்தை, பட்டைத்தூளும் வறுத்த கொண்டைக்கடலையும் தூவிக் கரண்டியால் சாப்பிட்டாயிற்று. நம்மூர்ப் புளித்த கூழில் சர்க்கரை கலந்தது போல் இருந்தது. ஆனால் குளிர்கால இரவுகளில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு "போசா" என்று நீட்டிக் கூவிச் செல்லும் தெரு வியாபாரியை மட்டும் இன்னும் காணவில்லை.

ஜனவரிக் குளிரில் 3 இரவுகள், 8 மணி முதல் 10.30 வரை, சுலைமானியே மசூதிச் சரிவிலிருந்து ஸெய்ரெக் வரை நடந்தேன். தேநீர்க் கடைகளில் விசாரித்தபோது ஆளுக்கொரு தெருவைக் காட்டினார்கள். எல்லாத் தெருவிலும் நின்று பார்த்துவிட்டேன். நாளை மறுநாள் ஊர் திரும்புகிறேன்.

இப்போதும் அவர்கள் வரும் தெரு எது, எத்தனை மணிக்கு வருவார்கள்?