திரையில் வரும் மலையில் ஊர்க்காரர்கள் எங்கே?

கோத்தகிரி ஆசிரியர் கேட்டது:

வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற வாரம் பதினோராம் வகுப்பில், சங்கக் காதல் பாடல்களின் இலக்கணமான அகத்திணை நடத்தியபோது, முதற்பொருள் (நிலமும் பொழுதும்), கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்றையும் மாணவர்கள் வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்துவிடக் கூடாதே என்பதற்காக, மலையில் எடுக்கப்பட்ட திரைப்படங்களில் அவற்றைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். குறிஞ்சிக்கு மலையும் மலை சார்ந்த இடமும் நிலம், கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது, புணர்தல் உரிப்பொருள். இவற்றைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. மூடுபனி, தேயிலைச் சரிவு, காதலர் இருவர் என்று ஆளுக்கு ஐந்தாறு பாடல் காட்சிகளைச் சொன்னார்கள். அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "சார், முதலும் உரியும் எல்லாப் படத்துலயும் இருக்கு, கருப்பொருளத்தான் காணோம்" என்றாள்.

அன்று முதல் அந்தச் சொல் மனத்திலேயே நிற்கிறது. தெய்வம், மக்கள், உணவு, தொழில், பறை, மரம், விலங்கு என்று ஒரு நிலத்தில் பிறந்து அங்கேயே உழல்பவை எல்லாம் கருப்பொருள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிறவர்களைப் படங்கள் காட்டுகின்றன. இருக்கிறவர்கள் விடுதிக் காவலாளியாகவோ தேநீர் கொண்டுவருபவராகவோ ஒரு நொடி வந்து மறைகிறார்கள். மலையிலேயே பிழைக்கும் மனிதரை நடுவில் வைத்துக் கதை சொன்ன படங்களும் தொடர்களும் எவை? அவை கதையைச் சொல்லும் முறையில் எங்கே மாறுபடுகின்றன? மாதக் கடைசிச் சனிக்கிழமையில் பள்ளியில் ஒரு படம் திரையிட அனுமதி கிடைத்திருப்பதால், விரிவாக எழுதினால் பெரிதும் உதவும்.

குன்னூர் வாசகர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யிலிருந்து தொடங்கலாம். பாலு மகேந்திரா அதன் நாயகனைச் சுற்றுலாப் பயணியாகப் படைக்கவில்லை. ஊட்டிக்கு அருகில் உள்ள கேத்தியில் பள்ளி ஆசிரியராக வேலை பார்க்கும் ஒருவன், நினைவை இழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணைத் தன் வீட்டுக்கு அழைத்து வருகிறான். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் மனிதனுடைய ஊராக மலை இருப்பதால்தான், அவன் வீட்டில் இல்லாத நேரம், அக்கம்பக்கத்தாரின் கண், குளிர் நாளில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது ஆகியவை எல்லாம் கதைக்குள் வர முடிகிறது. அந்த மனிதர்களின் மொழியிலும் உணவிலும் நீலகிரி இல்லை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் அது குடியிருக்கும் மலைதான்.

மாணவர்களுக்குப் படம் முழுவதையும் காட்ட முடியாவிட்டாலும் கேத்தி ரயில் நிலையத்தில் நிகழும் முடிவை மட்டுமாவது காட்டுங்கள். நினைவு திரும்பிய அவள் பெட்டிக்குள் அமர்ந்திருக்கிறாள். அடிபட்டு, மழையிலும் சேற்றிலும் நனைந்து ஓடிவரும் அவன், வீட்டில் அவளைச் சிரிக்க வைக்க ஆடிய குரங்காட்டத்தையே ஆடிக் காட்டுகிறான். அவள் கண்ணுக்கு அவன் யாரோ ஒரு பித்தன். இந்தக் காட்சியில் எங்கள் மலை ரயிலின் வேகமும் ஒரு பாத்திரம் என்பதைச் சிறு வயதிலிருந்து அந்த வண்டியில் போய்வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். சமவெளி ரயிலாக இருந்திருந்தால் இரண்டு ஜன்னல் கடப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இந்த வண்டி மெல்லத்தான் நகரும். பக்கத்திலேயே ஓடலாம், ஜன்னலுக்குள் முகத்தைப் பார்க்கலாம், கத்தலாம். அவன் நம்பிக்கை அறுந்துபோக அந்த மெதுவான நகர்வு இடம் கொடுக்கிறது. இதே பாதையில் படமான, 1998இல் வந்த 'உயிரே' படத்தின் ரயில் பாட்டையும் அருகில் வைத்துக் காட்டுங்கள். அங்கே கதை வேறொரு நிலத்தில் நடப்பதால் வண்டியின் கூரை ஆட்டத்துக்கு மேடை ஆகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. மிக நேர்த்தியாக எடுக்கப்பட்ட பாடல் அது. ஒரே தண்டவாளத்தை இரண்டு இயக்குநர்கள் எந்தத் தேவைக்காக எடுத்துக்கொண்டார்கள் என்பதை மாணவர்கள் கண்ணால் காண்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊட்டி இந்து நகரில், 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் என் தந்தை வேலை பார்த்தார். தூசு குறைந்த, குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால்தான் அந்த ஆலை மலைக்கு வந்தது. படச்சுருளின்மேல் வெள்ளி உப்புப் பூச்சு ஏறும் பகுதியில் வெளிச்சம் கூடாது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் இரவில் விளக்கைப் போடாமல், இடது கையைச் சுவரில் உரசியபடியே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். மற்றவர்களின் முகம் பதியவேண்டிய சுருளை எங்கள் ஊர்க்காரர்கள் இருட்டில் நின்று செய்தார்கள். அவர்களுடைய கதை ஒரு படமாக வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பூம்பாறைக்காரர் எழுதியது:

கொடைக்கானல் பக்கத்துச் செய்தியை நான் சொல்கிறேன். எங்கள் மலையில் ஒரே குகையை இரண்டு படங்கள் பயன்படுத்தியிருக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டால் நீங்கள் கேட்ட கதை சொல்லும் முறை நன்றாகப் புலப்படும்.

1991இல் வந்த 'குணா'வில் குகை அந்த நாயகனின் மனத்துக்கு உருவம். மனநல விடுதியில் சுற்றிச் சுற்றி நடந்தபடியே அவன் தன் கதையைச் சொல்லும் தொடக்கக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்தச் சுழலிலிருந்து வெளியேறி, அபிராமி என்று தான் நம்பும் பெண்ணோடு உலகம் எட்டாத ஓர் இடத்துக்கு அவன் போகவேண்டும். குகை அதற்காகவே இருக்கிறது. அங்கே ஊர்க்காரன் ஒருவன் குறுக்கே வந்தால் அந்த மயக்கம் கலைந்துவிடும் என்பதால், ஊர் இல்லாமல் போனது அந்தப் படத்தில் சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

2024இல் மலையாளத்தில் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' 2006இல் நடந்த உண்மை நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டது. கொச்சிப் பக்கத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் குழியில் விழ, இன்னொருவர் கயிற்றில் இறங்கித் தூக்கி வருகிறார். இங்கே கடைக்காரரும் வழிகாட்டியும் காவலரும் தீயணைப்புத் துறையினரும் வந்தே ஆகவேண்டும். ஏனென்றால் அந்தக் குழியில் விழுந்தவர்கள் மீளவில்லை என்ற அறிவு ஊர்க்காரர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுடைய தயக்கம்தான் பார்வையாளனுக்குப் பயத்தைக் கொண்டுவருகிறது. காதலுக்காக எழுதப்பட்ட 'குணா' பாடலை, நண்பனை மீட்கும் நேரத்தில் ஒலிக்க விட்டார்கள். பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பொருள் நட்புக்கு மாறிவிட்டது. நான் பார்த்த அரங்கில் அந்த இடத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஆனால் அந்தப் படத்திலும் ஊர்க்காரருக்கு என்று தனிக் கவலை ஏதும் இல்லை. மலைப்பூண்டு விலை இறங்கியதையோ, காட்டெருமை தோட்டத்தில் இறங்கியதையோ நினைத்துக்கொண்டு ஒருவரும் அங்கே நிற்பதில்லை. அவர்கள் வந்தவர்களின் துன்பத்துக்குச் சாட்சிகள்.

கோத்தகிரி ஆசிரியர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தொடர்களைப் பற்றியும் யாராவது எழுதினால் நல்லது. மாணவர்கள் இப்போது அவற்றைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

நீலகிரி மேலூர் மாணவர் எழுதியது:

2022இல் எட்டுப் பகுதிகளாக வந்த 'சுழல்' தொடரைப் பரிந்துரைக்கிறேன், ஒரு மாற்றுக் கருத்தோடு. கற்பனையான மலையூர் ஒன்றில், ஆலைத் தீயையும் காணாமல் போன பெண்ணையும் தேடும் கதையின் ஊடே மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னியிருக்கிறார்கள். நேரம் தாராளமாக இருப்பதால், முதலில் நாம் ஐயப்படும் மனிதரைப் பின்னர் வருந்திப் பார்க்க வைக்க முடிகிறது; இரண்டரை மணி நேரப் படத்தில் அது கடினம். ஆயினும் மயானக் கொள்ளை மேல்மலையனூரையும் வட மாவட்டங்களையும் சார்ந்த விழா. கருப்பொருள் கிடைத்தது, ஆனால் வேறு நிலத்திலிருந்து வந்தது. ஒரு நிலத்துக்கு உரியது இன்னொரு நிலத்தில் கலந்து வரும் திணை மயக்கம் இலக்கணத்துக்கு உடன்பாடுதான் என்றாலும், ஹெத்தையம்மன் பண்டிகையில் நீலகிரியின் படகர் இன மக்களின் ஊர்கள் வெள்ளை உடையில் மலைப்பாதை நெடுக நடந்து செல்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது.

கூடலூர் வாசகி எழுதியது:

என் பாட்டி தாத்தா இலங்கையின் மலையகத்திலிருந்து, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் வந்தவர்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. இரண்டு நாடுகளின் தேயிலையைக் கிள்ளிய விரல்கள் எங்கள் வீட்டில் இருந்தும், எந்தப் பெரிய படத்திலும் நான் என் பாட்டியைப் பார்த்ததில்லை.

தேயிலைக் காட்டில் பாட்டு வரும்போதெல்லாம் அம்மா கவனிப்பது நாயகியின் கையைத்தான். "முத்தல் இலையக் கிள்ளுது பாரு, நிறுவைக்குப் போனா அப்படியே திருப்பி விட்டுருவாங்க" என்பார். ஈரச் செடி வயிற்றில் உரசாமல் இருக்க இடுப்பில் தடித்த பிளாஸ்டிக் தாளும் அதன்மேல் சாக்கும் கட்டவேண்டும். அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் வேண்டும். இப்போது பல தோட்டங்களில் கையால் கிள்ளுவதைவிடக் கத்திரியால் வெட்டுவதே அதிகம். அம்மா வேலை செய்த தோட்டம் ஒன்றில் இலை ஈரம் என்று சொல்லி நாள்தோறும் எடையில் கழிப்பார்கள். எவ்வளவு கழித்தார்கள் என்பதை அவர் சமையலறைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோடுகளைக் கதையாக்கத் தெரிந்த ஒருவர் வந்தால் அதுவே போதும்.

ஆசிரியர் கேட்ட படம் 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்று நினைக்கிறேன். லெனின் பாரதி இயக்கி 2018இல் வந்தது. அது நம் நீலகிரி இல்லை, தேனியிலிருந்து கேரள எல்லைக்கு ஏறும் மலைப்பாதை. ஆனால் அந்த மாணவி தேடிய கருப்பொருள் முழுவதும் அதில் இருக்கிறது. நாயகன் ஏலக்காய் மூட்டை சுமப்பவன், கொஞ்சம் நிலம் வாங்க ஆசைப்படுகிறான். வில்லன் என்று விரல் நீட்ட ஒருவரும் இல்லை. முதல் பாதி பெரும்பாலும் நடைதான்: பாதையில் எதிர்ப்படுகிறவர்கள், நலம் விசாரிப்பு, தேநீர்க்கடை, கழுதை, மூச்சிரைப்பு. கதை எப்போது தொடங்கும் என்று பொறுமை இழக்கிற மாணவர்களிடம், அந்த நடை உடம்பில் ஏறிய பிறகுதான் மூட்டை சரிவில் விழும்போது நமக்கும் கை நடுங்கும் என்பதைச் சொல்லுங்கள். முடிவில் அவன் தன் கையைவிட்டுப் போன அதே நிலத்தில், காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே எழும்ப எழும்ப அவன் ஒரு புள்ளியாகிறான். மற்ற படங்களில் ஒரு நொடி வந்து போகும் காவலாளி என்று நீங்கள் எழுதினீர்களே, அவர் எப்படி அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தார் என்பதை அந்தப் படம் முழுக்கச் சொல்கிறது.

முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமில் எடுக்கப்பட்டு, 2023இல் ஆஸ்கர் பெற்ற 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' 41 நிமிடம்தான். யானைக்குட்டியை வளர்த்த தம்பதியே தங்கள் குரலில் பேசுகிறார்கள். அதையும் சேர்த்துத் திரையிடலாம்.

கோத்தகிரி ஆசிரியர்:

அம்மா, 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைத்தான் திரையிடப் போகிறேன். அதற்கு முன் கேத்தி நிலையக் காட்சி. உங்கள் தாயாருக்கு இயலுமானால், அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கு அழைத்து வாருங்கள். படம் முடிந்ததும் சாக்கு கட்டும் முறையை அவர் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். கூடலூரிலிருந்து வந்து போகும் பேருந்துச் செலவு என்னுடையது.