செக் எஞ்சின் லைட் மினுக்குது, கோடு பி0302: நாலு காயிலும் மாத்தணுமா?

வேளச்சேரி_வண்டி:
1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், 68,000 கி.மீ. ஏசி போட்டு சிக்னல்ல நின்னா வண்டி உதறுது. மேம்பாலம் ஏறுறப்ப லைட் மினுக்குது. ஸ்கேனர்ல பி0302. ஒர்க்‌ஷாப்ல பிளக்குக்கு கரண்ட் குடுக்கிற காயில் நாலையும் செட்டா மாத்தணும்ங்கறாங்க. நாமளே பாக்க முடியுமா?

கிண்டி_ஸ்பேனர்:
தாராளமா. பி0302-ன்னா ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியா எரியலைன்னு மட்டும்தான் அர்த்தம். காயிலா, பிளக்கா, பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டரான்னு கோடு சொல்லாது.

எஞ்சின் நல்லா ஆறட்டும், சாவிய எடுத்துடுங்க. டைமிங் செயின் பக்கத்துலேர்ந்து எண்ணணும், பெரும்பாலான வண்டில அதுதான் ஒண்ணாவது. காயிலுக்கு ஒரே ஒரு 10 நம்பர் போல்ட். கனெக்டர் லாக்க அழுத்திட்டுத்தான் இழுக்கணும். சூட்டுல வெந்த பிளாஸ்டிக், வம்பு பண்ணா படக்குனு உடையும். காயில லேசா திருப்பிட்டு மேல தூக்குங்க. ரெண்டாவதையும் மூணாவதையும் இடம் மாத்தி, கோட அழிச்சிட்டு, ஏசி போட்டு பத்து நிமிஷம் ஓட விடுங்க. பி0303 வந்தா அந்த ஒரு காயில்தான் போச்சு. 302-லயே நின்னா காயில் மேல தப்பில்ல.

அண்ணாநகர்_ஆயில்கேன்:
லைட் மினுக்குறப்ப ஆக்சிலரேட்டர மிதிக்காதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர்ல எரியும். அது உருகினா ஆகுற செலவுக்கு முன்னாடி நாலு காயில் ஒண்ணுமே இல்ல.
புதுப்பேட்டைல பழைய காயில் வாங்காதீங்க. ஆறி இருக்கறப்ப நல்லா வேலை செஞ்சு, சூடானதும் கைய விரிக்கும்.

வேளச்சேரி_வண்டி:
மாத்திப் பாத்தேன் சார். 302-லயே நிக்குது. ஆனா அந்தக் காயிலோட ரப்பர் முழுக்க ஆயில். பிளக் உக்காந்திருக்கிற குழியிலயும் தேங்கி இருக்கு.

கிண்டி_ஸ்பேனர்:
அப்போ விஷயம் அங்கதான். எஞ்சினோட மேல் மூடியான வால்வ் கவருக்குள்ள, பிளக் குழிக்குள்ள ஆயில் வராம தடுக்குற பிளக் டியூப் சீல் காஞ்சு போயிருக்கு. ஆயில் பிளக் மேல படிஞ்சா ஸ்பார்க் முனைக்குப் போகாம பீங்கான் வழியாவே பாடிக்கு ஓடிடும். பிளக்கக் கழட்டினா வெள்ளைப் பீங்கான்ல பென்சில்ல கிழிச்ச மாதிரி ஒரு கருப்புக் கோடு தெரியும்.

முதல்ல குழியில இருக்கிற ஆயில துணியால ஒத்தி எடுங்க, மண்ண ஊதுங்க. சைக்கிள் பம்ப் போதும். அப்படியே கழட்டினா எல்லாம் சிலிண்டருக்குள்ள விழும். புது பிளக்க கையாலயே கடைசி வரைக்கும் திருகிட்டு, அப்புறம்தான் ஸ்பேனர்ல அரைச் சுற்று. முதல் திருகே இறுக்கமா இருந்தா மரை மாறி ஏறுதுன்னு அர்த்தம், உடனே நிறுத்துங்க. ஹெட்டு அலுமினியம். பிளக் நாலையும் மாத்துங்க. இரிடியம் முனை வெச்ச பிளக்னா, கேப் (முனை இடைவெளி) சரி பண்றேன்னு முனைய நோண்டாதீங்க.

சீலும் கவர் கேஸ்கெட்டும் ஜி.பி. ரோட்டுல கிடைக்கும், சேசிஸ் நம்பர் சொல்லி வாங்குங்க. காயில் ரப்பர் ஊதிப் போயிருந்தா அதையும் மாத்தணும். சீல மாத்தாம பிளக் மட்டும் போட்டா, கொஞ்ச நாள்ல இதே கோடு திரும்பும்.

அண்ணாநகர்_ஆயில்கேன்:
இத்தனைக்கும் அப்புறம் 302 வந்தா கம்ப்ரெஷன், இன்ஜெக்டர் பாக்கணும். கம்ப்ரெஷன் அளக்குற கேஜ் வெச்சிருக்கிற மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.